பேய்த் தொடரை நிறுத்த வேண்டாம், விசாரணையை ஒழுங்காக முடிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், ஆவி, அமானுஷ்யம் என்று துப்பறிந்துகொண்டு போகும் தொலைக்காட்சித் தொடர்களை எல்லாம் தடை செய்ய வேண்டும், பிள்ளைகள் ராத்திரி பாத்ரூம் போகக்கூடத் துணைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அவர் கவலை புரிகிறது. ஆனால் தடை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் இந்த வகைத் தொடர்களை விரும்பிப் பார்க்கிறவள், இளவயதிலிருந்தே பார்க்கிறவள், அதனால்தான் இப்போது வருகிற பலவற்றைப் பார்த்து எனக்கு அவரைவிட அதிகமாகக் கோபம் வருகிறது. என் கோபத்துக்குக் காரணம் வேறு. பயமுறுத்துகிறார்கள் என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. விசாரிக்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டு விசாரிக்காமல் போகிறார்களே, அதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு வீட்டில் சத்தம் கேட்கிறது, ஒரு பெண்ணுக்குச் சாமி வருகிறதா பேய் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை, ஒரு டாக்டரோ போலீஸ்காரரோ நிருபரோ வருகிறார். வந்தவர் ஆளாளைக் கேட்கிறார், பழைய கணக்கைப் புரட்டுகிறார், யாருக்கு என்ன லாபம் என்று பார்க்கிறார். நமக்கும் ஆவலாக இருக்கிறது. கடைசியில் மாமனோ பங்காளியோ சொத்துக்காகச் செய்த வேலை என்று தெரிகிறது, போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அப்புறம் கடைசிப் பத்து நொடியில், பூட்டிய அறையில் ஊஞ்சல் தானாக ஆடும், அல்லது போட்டோவில் இருக்கும் பாட்டி கண்ணை விழிப்பார். சமைத்து முடித்த சோற்றில் மண்ணை அள்ளிப் போடுகிற வேலை இது. அத்தனை வாரம் அந்த டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு என்ன மரியாதை? கதை எழுதுகிறவர்கள் இதை ஒரு திருப்பம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பயந்துபோய்ப் பின்வாங்குவதாகத்தான் படுகிறது, படம் பார்க்கிறவர்களுக்கு உண்மை ருசிக்காது என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ருசிக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் சன் டிவியில் வந்த 'மர்ம தேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' தொடரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. இங்கே மலேசியாவில் நாங்கள் வீடியோ கடையில் கேசட் வாடகைக்கு எடுத்து, அடுத்த கேசட் யார் வீட்டில் இருக்கிறது என்று தேடிப் போய்ப் பார்த்தோம். தப்பு செய்கிறவர்களைக் கருப்புசாமி வந்து தண்டிக்கிறது என்று ஒரு கிராமமே நம்புகிறது, அதை நம்பாத ஒரு பெண் டாக்டர் அங்கே வருகிறார். 25 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் முடிவைச் சொல்லலாம்: ஒரே ஆளுக்குள் ஆளுமை பிளவுபட்டுப் போகிற மனநோயைத்தான் அந்தத் தொடர் கடைசியில் நம் கண்முன் வைத்தது. அப்படி முடிந்ததால் யாருக்காவது சுவை குறைந்ததா? இன்றைக்கும் கருப்பு வரும் அந்தக் குதிரையின் குளம்புச் சத்தத்தை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அதே சமயம் கருப்புசாமியை அந்தத் தொடர் எந்த இடத்திலும் கேவலப்படுத்தவில்லை. சாமி கும்பிடுகிறவர்களும் பார்த்தார்கள், நம்பாதவர்களும் பார்த்தார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானபோது நம் ஊரிலும் எத்தனையோ பேர் வருத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுத் தொடர்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1993இல் கிறிஸ் கார்ட்டர் உருவாக்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர், நம்புகிறவர் ஆண், ஆதாரம் கேட்கிற டாக்டர் பெண். ஆண் யோசிப்பான், பெண் பயப்படுவாள் என்ற வழக்கத்தை வேண்டுமென்றே மாற்றிப் போட்டார்கள். அந்தப் பெண் டாக்டர் ஸ்கல்லியைப் பார்த்துத்தான் அறிவியல் படிக்க வந்தோம் என்று சொல்லும் பெண்கள் அந்த நாட்டில் நிறைய இருக்கிறார்கள். நம் தொடர்களில் பெண் என்றால் ஒன்று பேய் பிடித்தவள், இல்லாவிட்டால் வேப்பிலை அடிப்பவள். தொலைக்காட்சிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்து லைன் லீடராக ஓய்வு பெற்றவள். எங்கள் காலத்தில் அந்தப் பக்கம் வேலை செய்த பெண்களிடம் 'ஹிஸ்டீரியா' என்று சொன்னால் போதும், ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நைட் ஷிப்ட், விடிய இரண்டு மூன்று மணி இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு மயிரிழை மாதிரிக் கம்பியை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண் திடீரென்று அலறுவாள், என்னை விடு என்று கத்துவாள், நாலு பேர் பிடித்தாலும் அடங்க மாட்டாள், அவளைப் பிடிக்கப் போனவளும் விழுவாள், அந்தப் பக்க லைனில் இன்னொருத்தி விழுவாள். சூப்பர்வைசர் ஓடுவார். பொமோ என்கிற மலாய் மந்திரவாதி வருவார், தண்ணீர் தெளிப்பார், மறுநாள் மிஷின் ஓடும். இந்த இடம் முன்னால் இடுகாடு, காட்டை அழித்ததால் குடியிருந்தவை கோபப்பட்டுவிட்டன என்று பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் கம்போங்கிலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, வந்த மலாய்ப் பெண்கள், எங்கள் தமிழ்ப் பெண்களிலும் தோட்டத்திலிருந்து வந்த சிலருக்கு அப்படி ஆனது. அந்தப் பெண்கள் நடிக்கவில்லை. அதை நான் அடித்துச் சொல்வேன், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆனால் யாரும் கேட்காத கேள்விகள் இருந்தன. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் உடம்பு என்ன ஆகும்? பாத்ரூம் போவதற்கும் அனுமதி கேட்டுப் போக வேண்டிய இடத்தில், டார்கெட் எட்டாவிட்டால் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கும் இடத்தில், வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்த பதினெட்டு வயதுப் பெண் தன் பயத்தை எங்கே கொண்டு போய் இறக்குவாள்? பினாங்கில் பிறந்த மானுடவியலாளர் ஐவா ஓங் இதே கேள்விகளைக் கேட்டு, சிலாங்கூரில் தொழிற்சாலைப் பெண்களோடு பழகி, 1987இல் ஒரு புத்தகமே எழுதினார். 1978இல் சுங்கை வேயில் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் பிரிவில் சுமார் 120 பேருக்கு ஒன்றாக இப்படி ஆகி, மூன்று நாள் ஆலையை மூடி, பொமோவைக் கூட்டி வந்து ஆடு வெட்டிய கதையை அவர் பதிவு செய்திருக்கிறார். அது வேலைச் சுமைக்கும் கண்காணிப்புக்கும் எதிராக உடம்பு தானாகக் கிளப்பும் எதிர்ப்பு என்பது அவர் வாதம். மருத்துவர்கள் இதைக் கூட்டமாகப் பரவும் மனஉளைச்சல் என்கிறார்கள். இன்றைக்கும் நம் நாட்டில் பள்ளிக்கூடங்களில், முக்கியமாகப் பெண்கள் விடுதிகளில், பரீட்சை நேரத்தில் இப்படி நடந்து பள்ளியை மூடும் செய்தி வரத்தான் செய்கிறது.

ஆசிரியரே, இதைவிட நல்ல கதை ஒரு விசாரணைத் தொடருக்கு வேண்டுமா? ஒரு தொழிற்சாலை, ஒரு நைட் ஷிப்ட், விழுந்த பெண்கள், அவர்களைக் கேள்வி கேட்க வருகிற ஒரு நர்ஸ் அல்லது யூனியன்காரர். பயமும் இருக்கும், மர்மமும் இருக்கும், முடிச்சு அவிழும்போது பேய் என்று காட்டிக் கைகழுவியது யாருக்கு வசதியாக இருந்தது என்பதும் தெரியும். நம் ஆட்கள் அதை எடுக்கவில்லை. பாழடைந்த பங்களாவில் வெள்ளைச் சேலையையே இன்னும் ஓட விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பங்களா என்றதும் இங்கே பினாங்கில் இருக்கும் நிபோங் திபால் நினைவுக்கு வருகிறது. கலிடோனியாத் தோட்டத்தில் இருக்கும் 99 கதவு மாளிகையை யூடியூப் போடும் பிள்ளைகள் விட்டு வைக்கவில்லை, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு போய், அதோ நிழல், இதோ குரல் என்கிறார்கள். அது ராம்ஸ்டன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக் குடும்பத்தின் வீடு. 1948இல் அந்தக் குடும்பத்து முதலாளி ஒருவர் அந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சீமைக்கு, அதாவது அன்றைய வெல்லஸ்லி மாநிலத்துக்கு, 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் நம் தமிழ் ஜனங்கள். எத்தனை பேர் காய்ச்சலிலும் கங்காணி அடியிலும் போனார்கள். உண்மையாகவே அங்கே போய் விசாரிக்கிற ஒரு கதாபாத்திரத்தை எழுதுங்கள், அவர் கதவை எண்ணிக்கொண்டு நிற்க மாட்டார், தோட்டத்துச் செத்தவர் கணக்கைத் தேடுவார். அதைப் படம் பிடித்தால் நம் பிள்ளைகள் பயத்தோடு கூடவே தங்கள் பாட்டன் பூட்டன் கதையையும் தெரிந்துகொள்வார்கள்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் மூன்று கட்டடங்களில் ஒன்று சரிந்து விழுந்து 48 பேர் செத்தார்கள். மிச்சம் நின்ற இரண்டிலும் ராத்திரியில் போய்ப் பேய் பார்க்கிறேன் என்று வீடியோ எடுப்பது வாடிக்கையாகிவிட்டது. டாக்சி ஏறிய பெண், பொம்மை வைத்திருக்கும் சிறுமி என்று எத்தனையோ கதை. எனக்கு இதைக் கேட்டால் வயிறு எரிகிறது. பின்னால் இருந்த மலைச்சரிவில் தண்ணீர் போகிற வழியை மாற்றிக் குழாயில் விட்டிருந்தார்கள், வடிகால் சரியில்லை, தடுப்புச் சுவர் தாங்கவில்லை, நாள் கணக்கில் பெய்த மழையில் மண் சரிந்து கட்டடத்தின் அடித்தளத்தையே தள்ளியது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது, பின்னால் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போனது, 2006இல் நகராட்சி மன்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு வந்தது. இவ்வளவு நடந்திருக்கிறது, இதில் யார் கையெழுத்து போட்டார், யார் பார்க்காமல் விட்டார் என்பதுதான் விசாரணை. செத்தவர்களின் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் பிள்ளையை ஆவியாக்கி வியூஸ் சேர்ப்பதை அமானுஷ்ய ஆராய்ச்சி என்று நான் ஏற்க மாட்டேன்.

தடை கேட்ட அன்பருக்கு நான் சொல்வது, பிள்ளைகளின் பயம் தொடரை நிறுத்தினால் போகாது. அது தொலைக்காட்சிக்கு முன்னாலேயே இருந்தது. பிளாட் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், நடுராத்திரி மேல்மாடியில் கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்கிறது, மேலே போய்ப் பார்த்தால் வீடு காலி என்று பத்தில் நாலு பேராவது சொல்வார்கள். குழாயில் ஓடுகிற தண்ணீர் திடீரென்று அடைபடும்போது ஏற்படுகிற அதிர்ச்சி சுவர் வழியாக அப்படிக் கேட்கும் என்று ஒரு பிளம்பர் சொல்லிவிடுவார். தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய் நம்மிடம் உண்டு, மலாய்க்காரர்களும் அதையே வேறு பெயரில் சொல்கிறார்கள். கனவு காணும் நேரத்தில் உடம்பை மூளை அசையவிடாமல் வைத்திருக்கும், அந்தக் கட்டு அவிழும் முன்னே விழிப்பு வந்துவிட்டால் அசையவும் முடியாது, கனவில் வந்தது கண்முன்னேயும் நிற்கும். இதை ஒரு காட்சியில் நல்லவிதமாகக் காட்டினால் எத்தனை பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கும் தெரியுமா.

விசாரணை சுவாரசியமில்லாதது என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு. அவருக்கே ஒருநாள் குளிர் வியர்வை, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். மறுநாள் அவர் வாள்சண்டைப் போட்டிக்கான கத்தியைப் பிடிப்பானில் மாட்டி வைத்தார், அது தானாக அதிரத் தொடங்கியது. எங்கே கூடுதலாக அதிர்கிறது, எங்கே நிற்கிறது என்று அறை முழுக்க நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கடைசியில் புதிதாகப் பொருத்திய ஒரு காற்றாடியிலிருந்து காதுக்குக் கேட்காத, நொடிக்கு சுமார் 19 அதிர்வுள்ள ஒலி வருகிறது என்று கண்டுபிடித்தார். 1998இல் அதை எழுதி வெளியிட்டார். அந்த ஒலிதான் எல்லா இடத்திலும் பேய்க்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மனிதர் கையில் கத்தியோடு அறையைச் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள், எந்தப் பேய்க்காட்சியைவிடவும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்மர் எழுதிய ஒரு குடும்பத்தின் கதையும் அப்படித்தான். புது வீட்டுக்குப் போனதிலிருந்து காலடிச் சத்தம், பிள்ளைகள் வெளிறிப்போனது, செடிகள் வாடியது, யாரோ பார்க்கிற உணர்வு. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு பழுதாகி கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துகொண்டிருந்தது. அதைப் பேய் என்று பூஜை போட்டிருந்தால் குடும்பமே போயிருக்கும்.

நம் பக்கத்திலும் ஆள் இருந்தார். கேரளாவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் தாவரவியல் வாத்தியாராக இருந்து, அப்புறம் கொழும்பில் வாழ்ந்து 1978இல் மறைந்த ஆபிரகாம் கோவூர். பேய் வீடு, கல் விழும் வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போனார், குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார், அற்புதத்தை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார், கடைசி வரைக்கும் யாரும் வாங்கவில்லை. அவருடைய வழக்குக் குறிப்புகளிலிருந்து சினிமாகூட வந்திருக்கிறது. கோவூர் மாதிரி ஒரு கதாபாத்திரத்தைத் தைப்பிங்கிலோ கிள்ளானிலோ நடமாட விட நம் எழுத்தாளர்களால் முடியாதா?

இதை ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பிள்ளை. படித்துக்கொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்து போய்ப் பார்ப்பாள், இல்லாத வாசனை வருகிறது என்பாள், அப்புறம் கை இழுக்கும், எழுந்தால் எதுவும் ஞாபகம் இருக்காது. பெற்றவர்கள் ஒரு சாமியாரிடம் கொண்டு போனார்கள். அவர் மோகினி என்றார். தாயத்து, எலுமிச்சை, அமாவாசை பூஜை, பிரம்படிகூட உண்டு. டிவியில் இப்படித்தானே காட்டினார்கள் என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார், அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது. பிறகு அரசாங்க மருத்துவமனையில் மூளையின் மின் அலைகளைப் பதிவெடுத்துப் பார்த்து வலிப்பு என்றார்கள், மாத்திரையில் கட்டுக்குள் வந்தது. மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று நான் முன்பே சொன்னபோது, என் பிள்ளையைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கா அனுப்பச் சொல்கிறாய் அக்கா என்று அவள் அம்மா அழுதார். 1911இலிருந்து இருக்கிற அந்த மனநல மருத்துவமனையின் பெயரை நாம் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம், சாமியாரின் பிரம்பை வைத்தியம் என்கிறோம். ஒரு தொடரில், ஒரே ஒரு தொடரில், வலிப்பு வந்த பெண்ணை யாராவது ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதைக் காட்டியிருந்தால் அந்த அம்மா அதையும் செய்து பார்த்திருப்பார்.

நான் கடவுள் இல்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவள், ஆடியில் கூழ் ஊற்றுகிறவள். கும்பிடுவது வேறு, அடுத்தவர் பயத்தில் காசு பார்ப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு விசாரணைத் தொடரால் முடியும், மேடைப் பேச்சால் முடியாது, ஏனென்றால் மேடையில் பேசுகிறவர் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார், தொடரில் நாமும் கூடவே நடந்து போய்க் கண்டுபிடிக்கிறோம்.

அதனால் உங்கள் பத்திரிகை வழியாக உள்ளூர்த் தொடர் எடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள். கதை விவாதத்துக்கு உட்காரும்போது ஒரு மனநல மருத்துவரையும், ஒரு வயர்மேனையும், விவரம் தெரிந்த ஒரு கோயில் பூசாரியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவர்கள் சொல்வதிலேயே பத்துத் தொடருக்குச் சரக்கு கிடைக்கும். விசாரிக்க வருகிற ஆளை ஆறாவது எபிசோடில் கிறுக்கனாக்காதீர்கள். விடை தெரியாத ஒன்றை விடை தெரியாமலேயே விட்டாலும் எனக்குச் சம்மதம், அதுவும் நேர்மைதான், ஆனால் கண்டுபிடித்த விடையைக் கடைசிப் பத்து நொடியில் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் கதையை எடுக்க யாராவது முன்வந்தால், அந்தக் காலத்தில் லைனில் நின்ற பெண்கள் இன்னும் பலர் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இருக்கிறோம், கேட்டால் சொல்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு